நீலப் பென்சில், பக்கத்துக்கு 80 ரூபாய்

சேவை: அச்சுக்குப் போகும் முன் எழுத்தும் தகவலும் பார்த்துக் கொடுப்பது. இடம்: குன்னூர், பெட்ஃபோர்டு பக்கம் ஒரு மாடி அறை. என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடைப் பெயர் எங்கே என்று தேடாதீர்கள். அப்படி ஒன்று இல்லை, போர்டும் இல்லை. உங்கள் பெயரையாவது போடட்டுமா என்று கேட்டேன். "போட்டா ஆள் வருவாங்க. ஆள் வந்தா வேகமா பார்க்கணும். வேகமா பார்த்தா தப்பு விழும். வேண்டாம்மா" என்றார். கீழே இருக்கும் டி.டி.பி. கடையில் 'ப்ரூஃப் பார்க்கிற சார்' என்று கேட்டால் படிக்கட்டைக் காட்டுவார்கள். படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடியை விடாதீர்கள்.

நான் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், இருக்கிறேன். இருபத்தாறு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதிவிட்டு, இப்போது வீட்டில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். ரயில் எப்போது, தொட்டபெட்டா எவ்வளவு உயரம், நீங்கள் படகரா தோடரா, ராத்திரி மைசூர் போகலாமா, காலையில் சாப்பிட்ட அந்தக் குழம்பு என்ன. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துத்தான் ஒரு கையேடு எழுதினேன். 44 பக்கம், 300 பிரதி. முதல் பதிப்பைக் கீழே, சமவெளியில், ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றினார்களாம். 'கொ' வர வேண்டிய இடமெல்லாம் கொம்பு தனி, கால் தனி என்று பிரிந்து நின்றது. கேட்டதற்கு, "நீங்க கொடுத்ததைத்தான் அடிச்சோம்" என்றார்கள்.

ஆனால் எழுத்துப்பிழையை விருந்தினர்கள் சிரித்துக்கொண்டே மன்னித்துவிட்டார்கள். மன்னிக்க முடியாததெல்லாம் என்னுடையவை. சிலிகுரியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. எங்கள் மலை ரயிலுக்கு 1999-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது என்று நான் எழுதியிருந்ததை, கூட வந்த தமிழ் நண்பர் அவர்களுக்குப் படித்துக் காட்டினார். அந்த வீட்டுப் பெரியவர் ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "அது எங்க ஊர் ரயில், அம்மா." டார்ஜீலிங் 1999. நீலகிரி 2005. நான் நாலு இடத்தில் படித்துத்தான் எழுதினேன். அந்த நாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்பது எனக்கு அப்போது தெரியாது.

மிச்சம் இருந்த பிரதிகளை அடுப்பு மூட்டப் பயன்படுத்தினேன். ஈரக் காற்றில் ஊறியிருந்ததால் சரியாக எரியவும் இல்லை.

அப்புறம்தான் எங்கள் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் இந்த சாரைப் பற்றிச் சொன்னார். எழுபது தாண்டியவர். கோவையில் ஒரு நாளிதழில் முப்பது வருஷத்துக்கு மேல் ப்ரூஃப் ரீடராக இருந்துவிட்டு, மகள் வீட்டோடு குன்னூர் வந்தவர். அறையில் ஒரு மேஜை, ஜன்னலைப் பார்த்த நாற்காலி, லேண்ட்லைன் போன், பட்டன் தேய்ந்த கால்குலேட்டர், ஒரு தகர டப்பாவில் பென்சில்கள். சிவப்பு எழுத்துப்பிழைக்கு, நீலம் தகவலுக்கு. எழுத்து மட்டும் என்றால் பக்கத்துக்கு 30 ரூபாய், தகவலும் பார்க்க வேண்டும் என்றால் 80.

தகவலும் என்றேன். அவர் தாள்களை வாங்கவே இல்லை. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஒவ்வொரு வரி பக்கத்துலயும் ஒரு எழுத்துப் போடுங்க. நீங்களே பார்த்ததுன்னா 'பா', கேட்டதுன்னா 'கே', படிச்சதுன்னா 'ப'. போட்டுட்டு வாங்க" என்றார்.

காசு கொடுக்கிறவளுக்கே வீட்டுப்பாடமா என்று எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து போட்டேன். பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருக்கிறேன், 44 பக்கத்தில் 'பா' விழுந்தது ஏழு பக்கத்துக்குக்கூடத் தேறவில்லை. மிச்சமெல்லாம் 'ப'. அதில் பாதிக்கு எங்கே படித்தேன் என்று நினைவில்லை.

இந்த ஒரு வேலைக்காகவே அவருக்கு முழுப் பணமும் கொடுக்கலாம்.

திருத்தி வந்த தாள்களில் ஓரமெல்லாம் நீலத்தில் 'யா.சொ.?' என்று இருந்தது. யார் சொன்னது என்பதன் சுருக்கம். மாதிரிக்கு ஒரு வரி. நான் எழுதியது இது: "பின்னாளில் பிரிட்டன் பிரதமரான நெவில் சேம்பர்லேன் 1875-ல் ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் விளையாட்டைக் கண்டுபிடித்தார்." கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எத்தனை விருந்தினர்களிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன். சார் புத்தகம் எதையும் புரட்டவில்லை. பிரதமர் சேம்பர்லேன் பிறந்த வருஷத்தை ஓரத்தில் எழுதி ஒரு கழித்தல் கணக்குப் போட்டிருந்தார். 1875 கழித்தல் 1869, மீதி 6. பக்கத்தில், "ஆறு வயசுப் பையனை கிளப்புக்குள்ள விட்டது யாரும்மா?"

பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. ஸ்னூக்கரோடு பேசப்படுகிற சேம்பர்லேன் ஒரு ராணுவ அதிகாரி. 1875-ல் ஆட்டம் உருவானதாகச் சொல்லப்படுவதும் ஜபல்பூரில். பிறகு ஊட்டி கிளப்பில் அதன் விதிகளை எழுதி மாட்டினார்கள், நமக்கு உள்ள உறவு அதுதான். ஒரே வாக்கியத்தில் ஆளும் தப்பு, ஊரும் தப்பு. வருஷம் மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது.

தொட்டபெட்டாவிலும் கணக்குதான். '2,637 மீட்டர், 8,562 அடி' என்று எழுதியிருந்தேன். என் எதிரிலேயே கால்குலேட்டரை எடுத்து 2,637-ஐ 3.28-ஆல் பெருக்கினார். 8,649 வந்தது. "கிட்டத்தட்ட 8,650. நீங்க 8,562 போட்டிருக்கீங்க. 8,652-ல அஞ்சும் ஆறும் இடம் மாறிப்போச்சு" என்றார். கணக்கு எழுதியே காலம் தள்ளியவள் நான். ஃபேக்டரி லெட்ஜரில் இப்படி மாற்றி எழுதியிருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போயிருக்க முடியாது. எண்ணை மட்டும் எந்தக் கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது, அதனால் எண் இருக்கிற வரியை மூன்று தடவை பார்ப்பேன் என்றார். அதே வரியில் 'தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம்' என்றும் இருந்தது. ஆனைமுடி 2,695 மீட்டர் என்று எழுதி, 'தென்னிந்தியா'வை அடித்து 'நீலகிரி' ஆக்கிவிட்டார்.

'மிக' என்ற சொல்லைக் கண்டாலே அவர் பென்சில் நின்றுவிடுகிறது. மலை ரயிலை 'ஆசியாவிலேயே மிகச் செங்குத்தான பாதை' என்று எழுதியிருந்தேன். ஆசியா முழுக்க யார் அளந்தது என்று கேட்டார். அளந்திருக்கலாம், ஆனால் அந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறதா என்றார். இல்லை. அதை எடுத்துவிட்டு, '12 அடி போனால் 1 அடி ஏறும்' என்று போட்டுக் கொடுத்தார். உண்மையில் இப்போது விருந்தினர்கள் அந்த வரியைத்தான் படித்துவிட்டு "அம்மாடி" என்கிறார்கள். பல்சக்கரத் தண்டவாளம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை என்று எழுதியிருந்தேன். அது கல்லாரிலிருந்து குன்னூர் வரைதான். 'ரயில் 1908-ல் தொடங்கியது' என்பதற்கு எதிரே, 'எந்த ஊருக்கு?' என்று கேட்டிருந்தார். குன்னூருக்கு 1899-லேயே வந்துவிட்டது, ஊட்டிக்குப் போனதுதான் 1908. அந்த 46 கிலோமீட்டரும், 208 வளைவும், 16 குகையும் அப்படியே நின்றன, நீலம் படவில்லை. நீலம் படாத வரியைப் பார்க்கிறபோது வந்த சந்தோஷம் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

'மலைகளின் அரசி' என்பதையும் அடித்துவிடுவார் என்று பயந்தேன். விட்டுவிட்டார். "அது பட்டம். பட்டத்துக்கு ஆதாரம் கேட்டா நாட்டுல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க."

சல்லிவன் ஊட்டியைக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதியதற்கு அவர் வாயால் எதுவும் சொல்லவில்லை. 'கண்டுபிடித்தார்' மேல் வட்டம் போட்டு, 'தோடர்கள் அப்போது எங்கே போயிருந்தார்கள்?' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே 1603 என்று ஒரு வருஷம். சல்லிவன் மேலே வந்தது 1819-ல். அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே ஃபெனிசியோ என்ற பாதிரியார் வந்து தோடர்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அந்த வரி, 'கோவை கலெக்டர் சல்லிவன் வந்தார், தங்கினார், வீடு கட்டினார்' என்று இருக்கிறது. மூன்று வினைச்சொல்லும் நிற்கும் என்றார்.

அடுத்தது சொல்லக் கஷ்டமான இடம். மாவட்டத்தின் பழங்குடிகள் என்று ஆறு பெயர் எழுதியிருந்தேன். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், படகர். சார் கடைசிப் பெயரில் பென்சிலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆறாவது காட்டுநாயக்கர் இல்லையாம்மா?" ஆமாம். படகர் இன்றைய தேதியில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எங்கள் ஆட்கள் எவ்வளவு காலமாகக் கேட்கிறார்கள் என்பது இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். நான் தெரியாமல் எழுதவில்லை. கை தானாகப் போட்டது என்றும் சொல்ல மாட்டேன், ஆசைதான் போட்டது. அதை அவரிடம் சொன்னேன். "நியாயமா இருக்கலாம். அதுக்கு ஒரு பத்தி தனியா எழுதுங்க, 'கேட்கிறோம்'னு எழுதுங்க. பட்டியல்ல எழுதாதீங்க" என்றார். எழுதினேன். காட்டுநாயக்கர் பெயரைத் தள்ளிவிட்டு எங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் உறைத்தது.

போன் எண்கள் பக்கத்துக்கு வருவோம். டாக்டர், ஜீப் டிரைவர், கேஸ், மெக்கானிக் என்று பதினோரு எண் கொடுத்திருந்தேன். பதினொன்றையும் என் எதிரிலேயே, தன் லேண்ட்லைனிலிருந்து அடித்துப் பார்த்தார். "வணக்கங்க, ஒரு புத்தகத்துல உங்க நம்பர் போடறோம், போடலாமா?" என்று ஒவ்வொருவரிடமும் அனுமதியும் கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. எட்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் வேண்டாம் என்றார். ஓர் எண் உபயோகத்தில் இல்லை. ஜீப் டிரைவர் எண் என்று போட்டிருந்தது மேட்டுப்பாளையத்தில் ஒரு கறிக்கோழிக் கடைக்குப் போனது. கோழி எத்தனை கிலோ வேண்டும் என்று அவர் விடாமல் கேட்க, சார் பொறுமையாக, "கிலோ வேண்டாங்க, நம்பர்தான் வேணும்" என்று பேசிய இரண்டு நிமிஷம் இருக்கிறதே, அதற்கே தனியாக டிக்கெட் போடலாம். 108-ஐ மட்டும் அடித்துப் பார்க்கவில்லை. அது விளையாடுகிற எண் இல்லை என்றார். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்பதை நான் போடாமல் விட்டிருந்தேன், சேர்க்கச் சொன்னார். மழைக்காலத்தில் மண் சரிகிற மலையில் அதைவிட முக்கியமான எண் எது?

சாலைப் பக்கத்தில் சின்னச் சின்னத் திருத்தங்கள். மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் வழியாகப் போகிற நெடுஞ்சாலையைப் பழக்கத்தில் 67 என்று எழுதியிருந்தேன், அது 181 ஆகிப் பல வருஷமாயிற்று. பந்திப்பூர் காட்டுப் பாதை மூடுவதை 'இரவு 9 முதல் 6 வரை' என்று எழுதியிருந்ததில் 6-க்கு முன் 'காலை' சேர்த்தார். யாருக்குத்தான் தெரியாது என்றேன். தெரிந்தவர்களுக்குக் கையேடு எதற்கு என்றார். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் என்ற வரிக்கு, '2024 மே 7 முதல்' என்று தேதி போடச் சொன்னார். மாறக்கூடிய எல்லாவற்றையும், பஸ் நேரம், நுழைவுக் கட்டணம், இ-பாஸ் விதி, ஒரே பக்கத்தில் கொண்டுவந்து தலைப்பில் 'இந்தத் தேதி நிலவரம்' என்று போட வைத்தார். அந்த ஒரு தாளை மட்டும் வருஷா வருஷம் மாற்றி ஒட்டிக்கொள்ளலாமாம். எனக்குப் பணம் மிச்சமாகிற யோசனை இது ஒன்றுதான்.

படங்களில் குறிஞ்சி மாட்டிக்கொண்டது. எங்கள் ஹட்டிக்கு மேலே பூத்ததை நானே எடுத்த படம், அதனால் பெருமையாக 'பா' போட்டிருந்தேன். எப்போது எடுத்தது என்று கேட்டார். 2021. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் மலை மலையாகப் பூத்தது. 2021-ல் நான் பார்த்தது எது? குறிஞ்சியில் எத்தனையோ இனம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. செடி தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்கிற வரைக்கும், 'குறிஞ்சி இனத்துப் பூ' என்று மட்டும் போடச் சொன்னார். பார்த்தது நிஜம், பெயர் வைத்தது என் கற்பனை. 'பா' போட்ட இடத்திலும் இப்படி ஓட்டை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

குழம்பை அவர் வீட்டில் செய்தே பார்த்தார்கள். கடைசிப் பக்கத்தில் எங்கள் வீட்டு அவரைக் குழம்பின் செய்முறை. அவருடைய மனைவி நான் எழுதியபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் செய்து, ஒரு கிண்ணத்தில் எனக்கும் வைத்திருந்தார். வாயில் வைத்ததும் புரிந்தது. உப்பு எழுதவில்லை. அந்த அம்மா கதவோரம் நின்று சிரித்தார்.

இனி குறைகள். பத்து நாளில் தருகிறேன் என்றவர் பத்தொன்பது நாள் எடுத்தார். மதியம் ஒரு மணிக்கு மேல் கண் ஒத்துழைக்காது என்று தாளைத் தொட மாட்டார், அவசரக்காரர்கள் போகாதீர்கள். வாட்ஸ்அப் கிடையாது. ஒவ்வொரு முறையும் கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறிப் போக வேண்டும், திரும்புகையில் பனி இறங்கிவிட்டால் அது ஒரு தனிக் கதை. கையெழுத்து டாக்டர் கையெழுத்தைத் தோற்கடிக்கும். 'ஆதாரம்' என்று அவர் எழுதியதை நான் ஒரு வாரம் 'ஆகாரம்' என்று படித்துக்கொண்டிருந்தேன். தகவல் பார்க்கக் கொடுத்தால் நடையிலும் கை வைக்கிறார். பனியைப் பற்றி நான் ஆசையாக எழுதிய இரண்டு வரியை, 'தகவல் இல்லை' என்று அடித்திருந்தார். திரும்பப் போட்டுக்கொண்டேன். பனிக்கு யாரைச் சாட்சி கூப்பிடுவது?

44 பக்கம், 3,520 ரூபாய். முதல் பதிப்பை அடுப்பில் போட்டதோடு ஒப்பிட்டால் மலிவு. இரண்டாம் பதிப்பு இந்தத் தடவை மேலேயே, அவர் படிக்கட்டுக்குக் கீழே உள்ள கடை வழியாகவே அச்சானது, அதே 300 பிரதி. சிலிகுரிக்கு ஒன்று தபாலில் அனுப்பினேன்.

சரி, அந்த ஐந்தாவது நட்சத்திரம். 22-ஆம் பக்கத்தில் என் மகன் வரைந்த வரைபடம் இருக்கிறது. வீடு, தேயிலைத் தோட்டம், சூரிய உதயம் பார்க்கிற பாறை, கோயில், மூலையில் வடக்கைக் காட்டும் அம்பு. போன மாதம் சென்னையிலிருந்து வந்த ஒரு ஜோடி, விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, படத்தில் கிழக்கு என்று இருந்த பக்கம் நடந்து போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறேகாலுக்கு நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது சூரியன் வழக்கம்போல எங்கள் சமையலறை ஜன்னலில் வந்து நின்றது. அவர்கள் ஏழு மணிக்கு வந்தார்கள். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் 22-ஆம் பக்கத்தை விரித்து மேஜையில் வைத்தாள். அம்பு தலைகீழ்.

அடுத்த பஸ்ஸில் குன்னூர் போனேன். சார் வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றையும் சிவப்பில் ஒரு தடவை, நீலத்தில் ஒரு தடவை பார்த்திருந்தது தெரிந்தது. அம்பின் பக்கம் எந்தப் பென்சிலும் போகவில்லை. "எழுத்தைத்தாம்மா பார்த்தேன்" என்றார். பையன் வரைந்தது, என் தப்பும்தான் என்று சொன்னேன். கேட்டுக்கொள்ளவில்லை. மேஜை டிராயரைத் திறந்து, எண்பது ரூபாயை எண்ணி, ஒரு பழைய தபால் உறையில் போட்டு, மேலே '22-ஆம் பக்கம்' என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தை மட்டும் முதல் தடவையே படிக்க முடிந்தது.